இருபது லட்சம் எங்கிருந்து வந்தது?

அப்பா அந்தக் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். 2019 மார்ச் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. தஞ்சாவூரிலிருந்து ஊருக்குப் போயிருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவின பிறகுதான் எடுத்துக் கொடுத்தார்.

"பாப்பா, இதப் படிச்சுச் சொல்லு. நான் வெளங்கிக்கிட்டது சரிதானான்னு பாரு."

சரியாகத்தான் விளங்கிக்கொண்டிருந்தார். கஜா புயலில் எங்கள் கொப்பரைக் கிடங்குக்கு ஏற்பட்ட சேதத்துக்கு நாங்கள் கேட்டது 10,60,000 ரூபாய். காப்பீட்டு நிறுவனம் தருவதாகச் சொன்னது 2,75,500 ரூபாய். கூடவே ஒரு ரசீதுத்தாள். "முழுமையான, இறுதியான தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்" என்று ஆங்கிலத்தில் அச்சடித்து, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. அதற்கு டிஸ்சார்ஜ் வவுச்சர் என்று பெயர்.

அந்தத் தாளிலிருந்து கடைசிப் பணம் வரும்வரை ஒன்பது மாதம் ஆனது. நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். டெல்டாவில் எந்த வருஷம் எந்தப் புயல் வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்து போன பிறகு இந்த மாதிரி ஒரு தாள் இன்னொரு வீட்டுக்கும் வரும்.

எங்கள் ஊர் பேராவூரணியிலிருந்து சேதுபாவாசத்திரம் போகிற பக்கம். கல்லணைக் கால்வாயை எங்கள் பக்கத்தில் புதாறு என்பார்கள். அதன் கடைமடை. தண்ணீர் வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை என்கிற நிலத்தில், தாத்தா காலத்திலேயே நெல்லை விட்டுத் தென்னைக்கு மாறிவிட்டார்கள். முகப்பில் தாத்தா கட்டின நாட்டு ஓட்டு வீடு. பின்னால் அப்பா 1998-ல் கட்டின கிடங்கு, அதை ஒட்டி உலர்களம். தோப்புகளில் காய் எடுத்து, மட்டை உரித்து, உடைத்து, காயவைத்து, கொப்பரையாக்கிக் காங்கேயம் பக்கம் அனுப்புவதுதான் தொழில். 2013-ல் வங்கிக் கடன் வாங்கிக் கிடங்கின் பழைய கூரையைப் பிரித்துவிட்டு, இரும்பு ஆங்கிள் வைத்துப் புது ஷீட் போட்டார். காப்பீடு வந்ததே அந்தக் கடனோடுதான். வங்கி எடுக்கச் சொன்னது, அப்பா எடுத்தார். வருஷா வருஷம் கணக்கிலிருந்து பிரீமியம் போய்க்கொண்டிருந்தது. பாலிசித் தாளை நாங்கள் யாரும் படித்ததில்லை.

2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்னால் கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. மணிக்கு 100 முதல் 110 கிலோமீட்டர் வேகம், இடையிடையே 120 என்று வானிலை ஆய்வு மையம் சொன்னது. அம்மா வேகத்தைச் சொல்வதில்லை, சத்தத்தைத்தான் சொல்வாள். வடக்கேயிருந்து அடித்த காற்று தெற்கே திரும்பினபோது, கிடங்கு ஷீட் ஒவ்வொன்றாகப் பிய்ந்தது பெரிய துணியைக் கிழிக்கிற மாதிரி கேட்டதாம். ஓட்டு வீட்டில் நடு அறையில், நெல் குதிருக்கும் சுவருக்கும் இடையில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். விடிந்தபோது கிடங்குக்குக் கூரை இல்லை. தெற்குச் சுவரில் ஒரு பாதி உள்ளே விழுந்திருந்தது. மூட்டைகள் அத்தனையும் மழையில் ஊறிக்கிடந்தன.

ஊறின கொப்பரை காத்திருக்காது. இரண்டாம் நாள் வழவழப்பு, நான்காம் நாள் பூஞ்சை, ஒரு வாரத்தில் கருப்பு. காயவைக்க வெயில் வந்தபோது களமெல்லாம் விழுந்த மரம். எங்கள் தெருவுக்கு மின்சாரம் வர ஒரு மாதம் ஆனது. அரசாங்கம் விழுந்த தென்னைக்கு, வெட்டி அகற்றும் கூலியும் சேர்த்து, மரத்துக்கு 1,100 ரூபாய் அறிவித்தது. அது நிவாரணம். காப்பீடு வேறு, நிவாரணம் வேறு என்பதே அப்போது ஊரில் பலருக்குக் குழம்பியது. நிவாரணம் அரசு தருவது. காப்பீடு நாம் பிரீமியம் கட்டிச் செய்துகொண்ட ஒப்பந்தம். அதில் நமக்கு வரவேண்டியதைக் கேட்கிறபோது தலையைச் சொறிந்துகொண்டு நிற்கத் தேவையில்லை. இந்த வேறுபாடு அப்பாவுக்கு மனதில் பதிய எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

டிசம்பர் 3-ஆம் தேதி சர்வேயர் வந்தார். எங்கள் பக்கம் சர்வேயர் என்றால் சங்கிலி பிடித்து நிலம் அளப்பவர். வரப்புத் தகராறு என்று நினைத்துப் பக்கத்துத் தோப்புக்காரர் ஓடி வந்துவிட்டார். காப்பீட்டுச் சர்வேயர் வேறு. சேதத்தை மதிப்பிட உரிமம் பெற்றவர். அவரை நியமிப்பதும் அவருக்குக் கட்டணம் தருவதும் காப்பீட்டு நிறுவனம். வந்தவர் மரியாதையான மனிதர். அப்பாவை "ஐயா" என்றுதான் கூப்பிட்டார். ஒரு மணி நேரத்தில் டேப் பிடித்து அளந்து, படம் எடுத்து, மோர் குடித்துவிட்டுப் போனார். அன்றைக்கு அவருக்குப் பேராவூரணி வட்டாரத்தில் இன்னும் ஐந்து இடம் பார்க்க வேண்டியிருந்தது. அவர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் அவர் செய்த தவறு எங்களுக்கு இரண்டு லட்சத்துக்கும் மேல்.

கடிதம் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு உறுத்தியது தொகை குறைந்தது மட்டும் இல்லை. 2,75,500 என்று இவ்வளவு துல்லியமாக ஒரு எண் வந்திருக்கிறது என்றால், எங்கேயோ உட்கார்ந்து யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கு எங்களிடம் இல்லை. நான் பள்ளியில் கணக்கு நடத்துகிறவள். விடையை மட்டும் எழுதிவைத்த தாளுக்கு மதிப்பெண் போட்டுப் பழக்கமில்லை.

"கையெழுத்து போடாதீங்கப்பா. மொதல்ல சர்வே ரிப்போர்ட்ட வாங்குவோம்."

"தருவாங்களாம்மா?"

தரவேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2017-ஆம் ஆண்டு விதிகளில் அது இருந்தது. தகவல் கிடைத்த 72 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும். அவர் 30 நாளுக்குள் அறிக்கை தரவேண்டும். பாலிசிதாரர் கேட்டால் அவருக்கும் ஒரு படி தரவேண்டும். அறிக்கை வந்த 30 நாளுக்குள் நிறுவனம் தன் முடிவைச் சொல்ல வேண்டும். தாமதித்தால் வங்கி வட்டி விகிதத்துக்கு மேல் 2 சதவீதம் வட்டி. 2024-ல் இந்தக் கெடுக்களை இன்னும் சுருக்கி, அறிக்கைக்கு 15 நாள், அதன் பிறகு முடிவுக்கு 7 நாள் என்று ஆக்கியிருக்கிறார்கள். எங்கள் விஷயத்தில் எல்லாமே தாமதம்தான். வட்டி கேட்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்கு என்றால் முதல் கடிதத்திலேயே கேட்டிருப்பேன்.

ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் அனுப்பினோம். மூன்று வாரத்தில் அறிக்கை வந்தது, பதினொரு பக்கம். தஞ்சாவூர் வீட்டு மொட்டை மாடியில் பென்சிலும் கையுமாக உட்கார்ந்தேன். கட்டடத்துக்கு நாங்கள் கேட்டது 6,40,000. ரிப்பேர் செலவாக அவர் ஒப்புக்கொண்டது 5,00,000. அதற்கு அவர் சொன்ன காரணம் நியாயமானது. பக்கவாட்டில் நாங்கள் இறக்கியிருந்த கீற்றுச் சாய்ப்பும் சுற்றுச்சுவரும் பாலிசியில் இல்லை. அப்பா நினைவிலிருந்து எல்லாவற்றையும் சேர்த்து எழுதிவிட்டார். அதை அன்றைக்கே நான் அடித்துவிட்டேன். கேட்கக் கூடாததைக் கேட்டுக்கொண்டிருந்தால், கேட்கவேண்டியதற்கும் மதிப்புப் போய்விடும்.

அடுத்த வரி தேய்மானம். எங்களுடையது சந்தை மதிப்புப் பாலிசி. புதிதாகக் கட்ட என்ன செலவோ அதைத் தருகிற மாதிரி எடுக்கவில்லை. ஆகவே கட்டடத்தின் வயதுக்கு ஏற்பக் கழிப்பது ஒப்பந்தப்படி சரி. வருஷத்துக்கு 2 சதவீதம், 20 வருஷம், ஆக 40 சதவீதம் என்று போட்டிருந்தார். 5,00,000 ரூபாய் 3,00,000 ஆனது. ஆனால் விழுந்ததில் பெரும்பகுதி கூரை. அதன் வயது ஐந்து. 1998-ல் போட்ட கூரை 2013-லேயே போய்விட்டது. உடைந்த ஆங்கிள், கூரைக்கழிவு என்று 20,000 கழித்தது போக நின்றது 2,80,000.

அதற்குப் பிறகு வந்த வரியில்தான் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். மொத்த மதிப்பு 20,00,000. காப்பீடு செய்தது 10,00,000. ஆகவே தரவேண்டியது பாதி, 1,40,000.

இதைக் காப்பீட்டுக்காரர்கள் ஆவரேஜ் என்பார்கள். தேங்காயை வைத்துச் சொன்னால் அப்பாவுக்கு உடனே புரிந்தது. கிடங்கில் ஆயிரம் காய் இருக்கிறது. பிரீமியம் மிச்சம் பிடிக்க ஐநூறு காய்க்குத்தான் காப்பீடு எடுத்திருக்கிறீர்கள். இருநூறு காய் கெட்டுப்போனால் இருநூறுக்கும் பணம் வராது, நூறுக்குத்தான் வரும். பாதிக்குத்தானே காப்பீடு, ஆகவே எந்த நஷ்டத்திலும் பாதிதான். விதி என்ற அளவில் இதில் தப்பில்லை. முழு மதிப்புக்கு எடுத்தவனும் பாதிக்கு எடுத்தவனும் ஒரே தொகை வாங்கினால் அது மற்றவர்களுக்கு அநியாயம். நம் ஊரில் தொகை குறைந்து வருவதற்கு அடிக்கடி காரணமாவது இந்த வரிதான். அநேகம் பேர் இப்படி ஒரு வரி இருப்பதே தெரியாமல் கையெழுத்துப் போடுகிறார்கள்.

"இருபது லட்சமா? யாரு குடுப்பா நம்ம கெடங்குக்கு இருபது லட்சம்?" என்றார் அப்பா. அவர் கேட்டது சும்மா ஆற்றாமையில். ஆனால் அதுதான் சரியான கேள்வி. அளவுப் பட்டியலை எடுத்து அறை அறையாகக் கூட்டிப் பார்த்தேன். முன்கூடம், நடு அறை, சமையலறை, திண்ணை. தாத்தாவின் ஓட்டு வீட்டை அளந்து சேர்த்திருந்தார்! வீட்டுக்கும் கிடங்குக்கும் ஒரே கதவு எண், ஒரே வீட்டு வரி ரசீது. பாலிசியில் அந்தக் கதவு எண் இருந்ததால் மொத்தத்தையும் ஒரே சொத்தாக எடுத்துக்கொண்டுவிட்டார். ஆனால் பாலிசியின் அட்டவணையில் எழுதியிருந்தது கிடங்கும் உலர்களமும் மட்டும்தான். வீட்டுக்கு நாங்கள் காப்பீடே செய்யவில்லை. வீட்டில் நாலு ஓடு பறந்தது, அதற்கு நாங்கள் ஒரு ரூபாயும் கேட்கவில்லை. கேட்காத வீட்டின் 7,00,000 ரூபாய் மதிப்பு, கேட்ட கிடங்கின் பணத்தைக் குறைக்க வந்து நின்றது.

இரண்டாவது தவறு அதற்குள் ஒளிந்திருந்தது. மீதி 13,00,000 ரூபாய், அந்தக் கிடங்கை இன்றைக்குப் புதிதாகக் கட்டினால் ஆகிற செலவு. நஷ்டத்தைக் கணக்கிடும்போது கிடங்கு பழசு என்று 40 சதவீதம் கழித்தவர், மொத்த மதிப்பைக் கணக்கிடும்போது அதே கிடங்கைப் புதுசாக்கிவிட்டார். ஒரு தராசில் ஒரு தட்டுக்கு ஒரு கல், இன்னொரு தட்டுக்கு வேறு கல். நஷ்டம் தேய்மானம் போக என்றால், மொத்த மதிப்பும் தேய்மானம் போகத்தான் இருக்க வேண்டும். போட்டுப் பார்த்தேன். கூரையின் புது மதிப்பு 4,00,000, அதில் 10 சதவீதம் போனால் 3,60,000. மற்ற கட்டடம் 9,00,000, அதில் 40 சதவீதம் போனால் 5,40,000. இரண்டும் சேர்ந்து 9,00,000. காப்பீடு 10,00,000. குறைக்காப்பீடு என்பதே இல்லை.

அன்றிரவு பதினொரு மணிக்கு அப்பாவுக்குப் போன் செய்தேன். அவர் தூங்கியிருக்கவில்லை.

கொப்பரைக் கணக்கு வேறு கதை. 42 குவிண்டால் இருந்ததாகச் சொன்னோம். அவர் ஒப்புக்கொண்டது 25. இருப்புப் பதிவேடு மழையில் கூழாகிவிட்டதால், அக்டோபர் கடைசியில் வங்கிக்குக் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மெண்டை ஆதாரமாக எடுத்திருந்தார். புயல் வந்தது நவம்பர் பாதியில். நடுவில் பதினைந்து நாள் வரத்து இருந்ததே, அதற்கு என்ன சாட்சி? அம்மா அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கம்பியில் குத்திவைத்திருந்த எடைமேடை ரசீதுகள். வண்டி எண், தேதி, எடை எல்லாம் அச்சில். 11 குவிண்டாலுக்கு ரசீது இருந்தது. மிச்சம் 6 குவிண்டால் சில்லறையாக வாங்கியது, துண்டுச் சீட்டுகூட இல்லை. அதை விட்டுவிட்டோம். கெட்ட கொப்பரை விற்றால் 40 சதவீதம் கிடைக்கும் என்று அவர் கழித்திருந்தார். மாவட்டம் முழுக்க ஊறின கொப்பரை கிடக்கும்போது யார் 40 தருவார்? சோப்பு எண்ணெய்க்கு எடுக்கிறவர் ஐந்தில் ஒரு பங்குதான் கொடுத்தார். அதையும் எழுதினோம்.

அப்பா முதலில் எழுதச் சொன்ன கடிதம் வேறு மாதிரி. தாத்தா காலம், நாற்பது வருஷத் தொழில், நாணயம், புயல் அன்றைய இரவு. அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். அது உண்மை, அத்தனையும் உண்மை. ஆனால் அதைப் படிக்கிறவருக்குப் பதில் சொல்ல வழி கிடையாது, வருத்தம் தெரிவிக்கத்தான் முடியும். ஆகவே இன்னொரு கடிதம் எழுதினேன். அதில் நான்கே பத்திகள். அறிக்கையின் இந்தப் பக்கம், இந்த வரி, இந்த எண். எங்கள் எண் இது. ஆதாரம் இணைப்பில். பாலிசி அட்டவணை, கடன் வாங்கியபோது வங்கி எடுத்த மதிப்பீட்டு அறிக்கை (அதில் கிடங்கு தனியாக இருந்தது), 2013-ன் கூரை பில்கள், பட்டுக்கோட்டைப் பொறியாளர் பொதுப்பணித் துறை விலைப்பட்டியலின்படி போட்டுக்கொடுத்த மதிப்பீடு, எடைமேடை ரசீதுகள். தொகை போதாது என்று ஓரிடத்திலும் எழுதவில்லை.

கிளை அலுவலகத்தில் அப்பாவிடம் அன்பாகத்தான் பேசினார்கள். "ஐயா, புயல்ல ஏகப்பட்ட கேஸ் இருக்கு. கையெழுத்து போட்டீங்கன்னா ரெண்டு நாள்ல பணம் ஏறிடும். இல்லன்னா இழுத்துக்கிட்டே கெடக்கும்." எங்கள் தெருவிலேயே மாமா ஒருவர் அப்படிப் போட்டுவிட்டார். மகள் கல்யாணம் தை மாதம் வைத்திருந்தார், கையில் காசில்லை. அவரை யாரும் குறை சொல்ல முடியாது. பிறகு அவர் கணக்கையும் பார்த்தேன், அங்கேயும் ஆவரேஜ் வரி இருந்தது. கையெழுத்துப் போட்டதனாலேயே எல்லாம் முடிந்துவிடாது என்று 1999-ல் ஒரு பஞ்சாலை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஏமாற்றியோ நெருக்கியோ வாங்கிய கையெழுத்து என்று காட்ட முடிந்தால் மிச்சத்தைக் கேட்கலாம். 2015 செப்டம்பரில் ஆணையமும், வவுச்சரைக் காட்டிப் பாலிசிதாரரின் உரிமையைப் பறிக்கக் கூடாது என்று நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. மாமாவிடம் சொன்னேன். "வேணாம்மா, விடு" என்றுவிட்டார். கல்யாணம் முடிந்த களைப்பு.

அப்பா வவுச்சரில் "மறுப்புக்கு உட்பட்டு, மீதிக்கான உரிமையை விட்டுக்கொடுக்காமல் பெற்றுக்கொள்கிறேன்" என்று தமிழிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதே வாசகத்தோடு தனிக் கடிதமும் கொடுத்தோம். வாங்க மாட்டேன் என்றார்கள். கடிதத்தின் நகலில் முத்திரை மட்டும் வையுங்கள் என்று அப்பா பெஞ்சில் உட்கார்ந்தார். மூன்று மணிக்கு முத்திரை விழுந்தது. பத்து நாளில் 2,75,500 கணக்கில் ஏறியது.

ஏப்ரலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் போனோம். ஆணையத்தின் இணையதளத்திலும் பதிந்தேன். அந்தத் தளத்துக்கு இப்போது பீமா பரோசா என்று பெயர், 155255 என்ற எண்ணிலும் பதியலாம். மே மாதம் பதில் வந்தது. எடைமேடை ரசீதுள்ள 11 குவிண்டாலை ஒப்புக்கொண்டார்கள். கழிவுகள் போக 62,700 ரூபாய் கூடியது. கட்டடத்துக்கு மட்டும் "சர்வேயரின் மதிப்பீடே இறுதியானது" என்று ஒரே வரி. அது இறுதியானது இல்லை. சர்வே அறிக்கை கடைசி வார்த்தை அல்ல, மாற்ற முடியாத வேதமும் அல்ல என்று 2009-ல் ஒரு வண்டி விபத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. அதே ஆண்டு இன்னொரு வழக்கில், அறிக்கையிலிருந்து விலக வேண்டுமானால் அதற்குத் தக்க காரணம் காட்ட வேண்டும் என்றும் சொன்னது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எங்களிடம் காரணம் இருந்தது.

ஜூனில் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு, அதாவது ஆம்புட்ஸ்மனுக்கு, மனு. கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க முடியாது, பாலிசிதாரர் தானே பேச வேண்டும். முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். அவர்கள் மறுத்தாலோ ஒரு மாதம் பதிலே தராவிட்டாலோ, அதிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். அப்போது 30 லட்சம் வரை விசாரிப்பார்கள், 2023-லிருந்து அது 50 லட்சம். தனிநபர் பாலிசிகளோடு அப்பா மாதிரி ஒற்றை ஆளாக நடத்தும் தொழில்களின் பாலிசியும் அங்கே போகலாம். அவர் தீர்ப்பு நமக்குப் பிடிக்காவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிற வழி திறந்தே இருக்கும். நுகர்வோர் வழக்குக்குக் கெடு இரண்டு வருஷம். ஆனால் அங்கேயோ கோர்ட்டிலோ ஏற்கெனவே வழக்குப் போட்டிருந்தால் இங்கே எடுக்க மாட்டார்கள். ஆகவே வரிசை முக்கியம்.

அக்டோபரில் விசாரணை. தஞ்சாவூரில் உழவன் ரயில் ஏறினோம். அப்பா இரவு முழுக்க உட்கார்ந்தே வந்தார். எழும்பூரில் இறங்கிக் குளித்து, வெள்ளை வேட்டி மாற்றி, தேனாம்பேட்டை அண்ணா சாலை அலுவலகத்தில் ஒன்பதரைக்கே போய் உட்கார்ந்துவிட்டோம். நிறுவனத்தின் சார்பில் ஓர் இளம் அதிகாரி. கோப்பை அன்றுதான் பார்க்கிறார் என்று தெரிந்தது.

குறைதீர்ப்பாளர் அப்பாவிடம் கேட்ட முதல் கேள்வி: "நீங்க என்ன சொல்ல வர்றீங்க, சுருக்கமா சொல்லுங்க."

நான் மூன்று நாள் சொல்லிக்கொடுத்திருந்தேன். அப்பா அதையெல்லாம் விட்டுவிட்டார். அறிக்கையின் அளவுப் பட்டியலை எடுத்து மேசையில் வைத்து, விரலால் தொட்டார். "சார், இதுல சமையக்கட்டுன்னு இருக்கு பாருங்க. கெடங்குல ஏது சார் சமையக்கட்டு? அது எங்க அப்பா கட்டின வீடு. அதுக்கு நான் இன்சூரன்ஸ் பண்ணவும் இல்ல, பணம் கேக்கவும் இல்ல."

குறைதீர்ப்பாளர் அந்த வரியைப் படித்தார். பிறகு இளம் அதிகாரியிடம் தாளைத் திருப்பினார். அவரும் படித்தார். அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. தேய்மானத்தின் இரட்டைக் கணக்கை நான் எழுதிக்கொடுத்த தாளில் பார்த்துக்கொண்டார். கூரை பில்களைக் கேட்டு வாங்கினார். கால் மணி நேரத்தில் முடிந்தது.

நவம்பரில் தீர்ப்பு. கட்டடத்துக்கு நாங்கள் போட்ட கணக்கை அப்படியே ஏற்றிருந்தார். கூரை நஷ்டம் 3,50,000-க்கு 10 சதவீதத் தேய்மானம், சுவர் 1,50,000-க்கு 40 சதவீதம், ஆவரேஜ் கிடையாது. கழிவு போக 3,85,000. கெட்ட கொப்பரையின் விலையில் எங்கள் வாதம் நிற்கவில்லை. வாங்கினவர் கையால் எழுதித் தந்த சீட்டை ஆதாரமாக ஏற்க முடியாது என்று 40 சதவீதக் கழிவை அப்படியே விட்டுவிட்டார். அதில் எங்களுக்குக் கிட்டத்தட்ட 70,000 ரூபாய் போனது. ஒரு நல்ல ரசீது வாங்கியிருக்கலாம். இடிபாடுகளை அகற்றின செலவுக்கு, ஏற்கப்பட்ட தொகையில் 1 சதவீதம் வரை பாலிசியிலேயே இடம் இருந்தது, அதைக் கேட்கவே இல்லை. மொத்தத்தில் 5 சதவீதம் எக்சஸ், அதாவது நஷ்டத்தில் பாலிசிதாரரே ஏற்க வேண்டிய பங்கு, என்று நம் தலையில். எல்லாம் போகக் கூடுதலாக வந்தது 2,32,750. மூன்று தவணையும் சேர்த்து 5,70,950 ரூபாய். நாங்கள் கேட்ட 10,60,000 வரவில்லை. அது வரவேண்டிய தொகையும் இல்லை. டிசம்பரில் பணம் ஏறின அன்று அப்பா போன் செய்து தொகையைக் கடைசி ஐம்பது ரூபாய் வரை சொன்னார். கூட்டல் சரிதானா என்று கேட்டார். சரி என்றேன்.

இப்போதுள்ள பாலிசிகளில் சில விஷயங்கள் மாறியிருக்கின்றன. 2021 ஏப்ரலிலிருந்து வீடுகளுக்குப் பாரத் கிரஹ ரக்ஷா, 5 கோடிக்கு உட்பட்ட சிறு தொழில்களுக்குப் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா. வீட்டுப் பாலிசியில் பரப்பளவையும் விவரங்களையும் சரியாகச் சொல்லியிருந்தால் ஆவரேஜ் போட மாட்டார்கள். தொழில் பாலிசியில் 15 சதவீதம் வரை குறைந்திருந்தால் கண்டுகொள்ள மாட்டார்கள், அதற்கு மேல் போனால் பழைய விதிதான். அப்பா புதிதாக எடுத்தபோது அலுவலகத்தில் உட்கார்ந்து, "முகப்பு ஓட்டு வீடு நீங்கலாக, பின்கட்டிலுள்ள கிடங்கும் களமும்" என்று அட்டவணையில் அச்சாகும்வரை எழுந்திருக்கவில்லை.

அதற்கு முந்தின வருஷம், 2020 நவம்பரில் நிவர் வருகிறது என்று அறிவித்தார்கள். புதுச்சேரிப் பக்கம் கரையேறும் என்றுதான் சொன்னார்கள். ஆனாலும் கஜாவைப் பார்த்த ஊரில் அன்றைக்கு யாருக்கும் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் நாலு மணியிலிருந்து என் போனில் படங்கள் வந்துகொண்டே இருந்தன. கிடங்கின் நாலு மூலை. கூரையின் அடிப்பக்கம், ஆங்கிள் ஆங்கிளாக. மூட்டைகள் வரிசை வரிசையாக, ஒவ்வொரு வரிசைக்கும் சுண்ணாம்பால் எழுதின எண். எடைமேடை ரசீதுகளை அம்மா ஒவ்வொன்றாகத் தரையில் விரித்துப் பிடிக்க, அப்பா எடுத்த படங்கள், அவளுடைய விரல்களோடு. கடைசிப் படத்தில் அன்றைய நாளிதழை ஒரு மூட்டை மேல் தேதி தெரிய வைத்திருந்தார். கீழே ஒரு குரல் செய்தி. "பாப்பா, எல்லாம் வந்துச்சான்னு எண்ணிப் பாத்துச் சொல்லு. நூத்திப் பதினேழு படம்."

எண்ணினேன். நூற்றுப் பதினேழு இருந்தது.